ஒரே அழுத்தலில் தீர்ந்த ஏழு முயற்சிகள்: எண் ஊகிக்கும் விளையாட்டு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

கடந்த மே மாதம் ஒரு மதியம் என் அக்கா மகள் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கே வந்துவிட்டாள். “சித்தி, 50 என்று ஒரே ஒருமுறைதான் போட்டேன். பொத்தானையும் ஒருமுறைதான் அழுத்தினேன். ஏழு வாய்ப்பும் முடிந்துவிட்டது, தோற்றுவிட்டாய் என்கிறது.”

அவள் எழுதியிருந்தது எண் ஊகிக்கும் விளையாட்டு. கணினி 1 முதல் 100 வரை ஏதோ ஓர் எண்ணை மறைத்து வைத்துக்கொள்ளும். ஆடுபவர் ஓர் எண்ணைச் சொன்னால், அது கூடவா குறைவா என்று பதில் சொல்லும். ஏழு வாய்ப்புக்குள் கண்டுபிடிக்க வேண்டும். பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடத்தில் பைத்தான் என்ற நிரல்மொழி வரப்போகிறது என்பதால், விடுமுறையிலேயே கைபழகிக்கொள்ளலாம் என்று தொடங்கியிருந்தாள். முனையத்தில், அதாவது எழுத்து மட்டுமே வரும் கறுப்புத் திரையில், ஓடும் பதிப்பை இரண்டு நாளில் முடித்துவிட்டாள். அது பழுதில்லாமல் ஓடியது. அதையே பொத்தானும் பெட்டியும் உள்ள சாளரத்துக்குள் கொண்டுவரப் போனபோதுதான் இந்தச் சிக்கல்.

இருபது ஆண்டுகளாக நிரல் எழுதிச் சம்பாதிக்கிறவள் நான். அவள் நிரலைப் பார்த்ததும் எனக்கு என் முதல் சாளர நிரல் நினைவுக்கு வந்தது. நானும் இதே இடத்தில்தான் நின்றேன். முனைய நிரலிலிருந்து வரைகலை இடைமுகத்துக்குப் போகும் எவரும் இந்தச் சுவரில் மோதாமல் போவதில்லை. ஆனால் கற்பிப்பவர்கள் பெரும்பாலும் முடிந்த நிரலைக் கொடுத்து ‘இப்படி எழுது’ என்கிறார்களே தவிர, அந்தச் சுவர் ஏன் அங்கே இருக்கிறது என்று சொல்வதில்லை. அதனால்தான் அடுத்த பத்து நாளில் நடந்ததை முழுதாக எழுதிவைக்கிறேன்.

மடக்கு யாருடையது?

முனையப் பதிப்பின் நடு உறுப்பு ஒரு ‘வைல்’ மடக்கு, அதாவது ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யும் பகுதி. முயற்சி ஏழைத் தாண்டாதவரை: எண்ணைக் கேள், ஒப்பிடு, பதில் சொல், மறுபடி மேலே போ. ‘இன்புட்’ என்ற வரிக்கு வந்ததும் நிரல் நின்றுவிடும். ஆடுபவர் எண்ணைத் தட்டி என்டர் அழுத்தும்வரை அசையாது. எப்போது கேட்பது, எப்போது நகர்வது என்பதையெல்லாம் நிரலே முடிவு செய்கிறது.

சாளரத்துக்கு அவள் எடுத்துக்கொண்டது டிகிண்டர். பைத்தானோடு கூடவே வரும் தொகுப்பு அது. அதன் அடியில் இருக்கும் டிகே, கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஜான் ஔஸ்டர்ஹௌட் உருவாக்கியது. பைத்தான் பிறந்த அதே காலத்தைச் சேர்ந்தது. பழையதுதான், ஆனாலும் தொடக்கநிலை மாணவருக்கு இன்றும் நான் இதையே சொல்வேன். சில லினக்ஸ் வெளியீடுகளைத் தவிர மற்றவற்றில் பெரும்பாலும் தனியாக எதையும் நிறுவ வேண்டியதில்லை, நான்கு வரியில் சாளரம் திறந்துவிடும்.

அந்தச் சாளரத்தில் ‘சரிபார்’ என்றொரு பொத்தான். பொத்தானை அழுத்தினால் ஓட வேண்டிய செயற்கூற்றுக்குள் (ஃபங்ஷன்), முனையப் பதிப்பின் மடக்கை அப்படியே தூக்கி வைத்திருந்தாள். ‘இன்புட்’ இருந்த இடத்தில் மட்டும் உள்ளீட்டுப் பெட்டியின் ‘கெட்’. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கின்றன, இரண்டும் எண்ணை வாங்கித் தருகின்றன. ஆனால் ‘இன்புட்’ காத்திருக்கும், ‘கெட்’ காத்திருக்காது. பெட்டியில் இந்த நொடி என்ன இருக்கிறதோ அதை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போய்விடும். பெட்டியில் இருந்தது 50. மடக்கு ஏழு முறை சுற்றியது, ஏழு முறையும் 50-ஐயே எடுத்தது, ஏழு வாய்ப்பையும் தின்றது. கண்ணிமைக்கும் நேரம்கூட ஆகவில்லை.

காரணத்தை நான் சொல்வதற்கு முன் அவளே ஒரு திருத்தம் செய்துவிட்டாள். கணினி அவசரப்படுகிறது, மனிதர் தட்டுவதற்கு நேரம் கொடுக்க வேண்டும் என்று எண்ணி, மடக்குக்குள் ‘ஸ்லீப்’ போட்டு ஐந்து நொடி உறங்க வைத்தாள். நோயை அவள் சரியாகவே கண்டிருந்தாள், மருந்துதான் தவறு. இப்போது பொத்தானை அழுத்தினால் அது உள்ளே போன நிலையிலேயே உறைந்துவிட்டது. பெட்டியில் தட்டும் எழுத்து தெரியவில்லை. சாளரத்தை மூடும் குறியும் வேலை செய்யவில்லை. நிரல் பதிலளிக்கவில்லை, காத்திருக்கவா, கட்டாயமாக நிறுத்தவா என்று இயங்குதளம் கேட்டது. ஏழு தூக்கம், ஒவ்வொன்றும் ஐந்து நொடி, ஆக 35 நொடி கழித்து உயிர் வந்தது. அதற்குள் பொறுமையிழந்து நான் இன்னும் இரண்டு முறை அழுத்தியிருந்தேன். அந்த இரண்டும் வரிசையில் காத்திருந்து, ஆளுக்கு 35 நொடி மறுபடி உறைய வைத்தன.

டிகிண்டர் நிரலின் கடைசி வரியில் ‘மெயின்லூப்’ என்று எழுதுகிறோம். அது அலங்காரம் அன்று. அதுவே ஒரு மடக்கு. விசை அழுத்தல், சொடுக்கு, சாளரத்தை மறுபடி வரைதல் என்று வருகிற ஒவ்வொரு நிகழ்வையும் ஒன்றன்பின் ஒன்றாக எடுத்து, அதற்குரிய செயற்கூற்றை ஓடவிட்டு, அது முடிந்து திரும்பிய பிறகே அடுத்ததை எடுக்கும். ரேஷன் கடையில் பில் போடும் ஒரே ஆளைப் போல. அவரை ஒருவர் பிடித்துவைத்துக்கொண்டு 35 நொடி பேசினால் வரிசை நகராது. பெட்டியில் புதிய எழுத்தைக் காட்டுவதும் அந்த வரிசையில் நிற்கும் வேலைதான். ஆகவே நம் செயற்கூற்றுக்குள் நாம் காத்திருக்கும்வரை, எதற்காகக் காத்திருக்கிறோமோ அது வரவே முடியாது.

“அப்படியென்றால் மடக்கையே எடுத்துவிட வேண்டுமா? பிறகு ஏழு முறை எப்படிக் கேட்கும்?”

இந்தக் கேள்வியை அவள் கேட்டபோது எனக்கு மனம் நிறைந்தது. சாளர நிரலாக்கம் முழுவதும் இந்தக் கேள்விக்குள் அடங்கியிருக்கிறது. மடக்கு ஏற்கெனவே இருக்கிறது, ஆனால் அது இப்போது நம்முடையதன்று. நாம் எழுத வேண்டியது அதன் ஒரு சுற்றை மட்டும்: ஓர் ஊகம் வந்தால் என்ன செய்வது, அவ்வளவுதான். செய்துவிட்டு உடனே திரும்பிவிட வேண்டும். ஏழு முறை கேட்பது நிரலின் வேலையன்று. ஆடுபவர் ஏழு முறை வருவார், நாம் எண்ணிக்கொண்டிருந்தால் போதும்.

அந்த எண்ணிக்கையை எங்கே வைப்பது என்பது அடுத்த கேள்வி. மடக்கு நம் கையில் இருந்தபோது மறைத்த எண்ணும் முயற்சிக் கணக்கும் அதற்குள்ளேயே பத்திரமாக இருந்தன. இப்போது ஒவ்வோர் அழுத்தலுக்கும் செயற்கூறு பிறந்து, வேலை முடித்து மறைகிறது. அதற்குள் வைத்தது எதுவும் மிஞ்சாது. அவளுடைய இரண்டாம் பதிப்பில் ஒவ்வோர் அழுத்தலுக்கும் புதிய மறைஎண் உருவானதற்கு இதுவே காரணம். அந்த விளையாட்டில் 50-க்குக் கீழே என்று சொன்ன எண், அடுத்த நொடி 30-க்கும் 70-க்கும் மேலே போய் உட்கார்ந்தது. ஆகவே விளையாட்டின் நிலையைத் தனியாக ஓர் இனக்குழுவில் (கிளாஸ்) எடுத்து வைத்தோம். மறைஎண், முயற்சி, கீழெல்லை, மேலெல்லை, முடிந்ததா என்று ஐந்து மாறிகள். பெயர்களைத் தமிழிலேயே வைத்தோம். பைத்தானின் மூன்றாம் பதிப்பு வரிசை அதை ஏற்கிறது. ‘முடிந்ததா’ என்று படிக்கும்போது அந்த மாறி எதற்கென்று யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அந்த ‘முடிந்ததா’ பிறகு வந்தது. வென்ற பிறகு பொத்தானை முடக்கிவைத்தால் போதும் என்றுதான் முதலில் எண்ணினோம். ஆனால் என்டர் விசையையும் அதே செயற்கூற்றோடு இணைத்திருந்தோம், பொத்தான் முடங்கினாலும் விசை முடங்காது. அதனால் ‘8-ஆவது முயற்சி’ என்று திரையில் வந்தது. ஆட்டம் முடிந்துவிட்டது என்ற உண்மையைப் பொத்தானின் நிறத்தில் வைக்கக்கூடாது, ஆட்டத்தின் நிலைக்குள் வைக்க வேண்டும். சாளரம் அதைக் காட்டினால் போதும்.

இரு மடங்கு வேகத்தில் ஓடிய கடிகாரம்

ஓர் ஆட்டத்துக்கு 60 நொடி என்று கடிகாரம் வைக்க ஆசைப்பட்டாள். உறங்கவைக்கக் கூடாது என்பது இப்போது தெரியும். டிகிண்டரில் ‘ஆஃப்டர்’ என்று ஒன்று உண்டு. இத்தனை மில்லிநொடி கழித்து இந்தச் செயற்கூற்றைக் கூப்பிடு என்று மெயின்லூப்பிடம் சொல்லிவிட்டு வந்துவிடலாம். கடிகாரச் செயற்கூறு ஒரு நொடியைக் கழித்துக் காட்டிவிட்டு, 1000 மில்லிநொடி கழித்துத் தன்னையே மறுபடி கூப்பிடச் சொல்லி முடியும். முதல் ஆட்டத்தில் சரியாக ஓடியது. ‘புதிய ஆட்டம்’ அழுத்தியதும் இரண்டு இரண்டாகக் குறைந்தது. மூன்றாம் ஆட்டத்தில் மூன்று மூன்றாக.

இதை அவளே கண்டுபிடித்தாள், நான் வாயைத் திறக்கவில்லை. பழைய ஆட்டத்தின் கடிகாரத்தை யாரும் நிறுத்தவில்லை. புதியது அதன் பக்கத்திலேயே இன்னொன்றாக ஓடத் தொடங்கிவிட்டது. ‘ஆஃப்டர்’ ஓர் அடையாளத்தைத் திருப்பித் தருகிறது. அதைச் சேமித்து வைத்து, புதிய ஆட்டம் தொடங்கும் முன் அதை ரத்து செய்ய வேண்டும். ஒரே ஒரு வரிதான்.

ஏழு ஏன் ஏழு

விளையாட்டின் நிலையைச் சாளரத்திலிருந்து பிரித்ததில் நாங்கள் எதிர்பாராத நன்மை ஒன்று கிடைத்தது. சாளரமே இல்லாமல், ஆளே இல்லாமல் ஆட்டத்தை ஆடிப் பார்க்க முடிந்தது. எப்போதும் நடு எண்ணையே சொல்லும் ஓர் ஆட்டக்காரரை நிரலாக எழுதினோம். மறைஎண் 1-இலிருந்து 100 வரை ஒவ்வொன்றாக வைத்து நூறு ஆட்டம் ஆடவிட்டோம்.

முதல் ஊகத்தில் ஓர் எண் அகப்படும். இரண்டாவதில் இரண்டு, மூன்றாவதில் நான்கு, பிறகு எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு. ஆறு ஊகத்துக்குள் கிடைப்பவை மொத்தம் 63. மீதி 37 எண்களுக்கும் ஏழாவது ஊகம் தேவை. எட்டாவது எந்த எண்ணுக்கும் தேவையில்லை, ஏனென்றால் ஏழு ஊகம் 127 எண்கள்வரை தாங்கும். நூறு ஆட்டத்துக்கும் சேர்த்து 580 ஊகங்கள், சராசரி 5.8. தாளில் நாங்கள் போட்ட கணக்கும் நிரல் கொடுத்த விடையும் ஒன்றாக இருந்தபோது அவள் முகத்தில் கண்ட மகிழ்ச்சிக்கு ஈடாக எதையும் சொல்லத் தெரியவில்லை. வாய்ப்பை ஆறாகக் குறைத்தால், எவ்வளவு கெட்டிக்காரர் ஆடினாலும் நூற்றில் 37 எண்களுக்குத் தோற்கத்தான் வேண்டும். ஏழு என்றால் கவனமாக ஆடுபவர் தோற்கவே மாட்டார். ஏழு என்ற எண்ணிக்கையை அவள் ஏதோ ஒரு நினைப்பில் வைத்திருந்தாள். இப்போது அதற்குக் காரணம் கிடைத்துவிட்டது.

மறைஎண்ணை உருவாக்கும் வரியையும் இப்படியே பிடித்து ஆட்டிப் பார்த்தோம். 10,000 எண்களை உருவாக்கச் சொல்லி, வந்தவற்றில் சிறியதையும் பெரியதையும் அச்சிட்டோம். 1 வந்தது, 99 வந்தது. 100 வரவில்லை. அவள் பயன்படுத்தியிருந்த ‘ராண்ட்ரேஞ்ச்’ மேல் எல்லையைச் சேர்க்காது, ‘ராண்டிண்ட்’ இரண்டு எல்லையையும் சேர்க்கும். நூறு ஆட்டம் ஆடினாலும் இந்தப் பிழை கண்ணில் படாது. 100 வராமல் போனதை எந்த ஆட்டக்காரர் கவனிக்கப்போகிறார்? இத்தகைய பிழைகளைத்தான் நான் அதிகம் அஞ்சுகிறேன். உறைந்துபோன சாளரம் குறையைக் கூவிச் சொல்லிவிடும், இது வாயே திறக்காது.

தாத்தாவின் ஆட்டம்

என் அப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். நாங்கள் இருவரும் ஆடி ஆடிச் சலித்த பிறகு அவரை நாற்காலியில் உட்கார வைத்தோம். எதையும் சொல்லித்தரக் கூடாது என்று எங்களுக்குள் ஒப்பந்தம்.

அவர் 60 போட்டார். திரையில் ‘ஹை’ என்று ஆங்கிலத்தில் வந்தது. அவர் 80 போட்டார். மறுபடி ‘ஹை’. 90, பிறகு 95. ஏழும் தீர்ந்தன. மறைஎண் 23.

“எண் உயரத்தில் இருக்கிறது என்றுதானே சொல்லிற்று? அதனால்தான் ஏறிக்கொண்டே போனேன்.”

“இல்லை தாத்தா, நீங்கள் சொன்னதுதான் அதிகம் என்று அர்த்தம்.”

“எது அதிகம் என்று அதில் எங்கே இருக்கிறது, கண்ணு? எழுவாய் இல்லாத வாக்கியமாக இருக்கிறதே.”

நாங்கள் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பத்து நாள் உழைப்பில் இதைப் பற்றி ஒரு நிமிடம்கூட நினைக்கவில்லை. எழுதியவருக்குப் பொருள் தெரியும், அதனால் சொல் போதாது என்பது தெரியாது. எழுவாயைக் கொண்டுவந்தோம்: ‘என் எண் 60-ஐவிடச் சிறியது’. அதன் கீழே, டிகிண்டரின் வரைபலகையான கேன்வாஸில், 500 புள்ளி அகலத்தில் ஒரு பட்டை வரைந்தோம். ஒவ்வோர் எண்ணுக்கும் ஐந்து புள்ளி. 60-ஐவிடச் சிறியது என்றால் 60-இலிருந்து வலது கோடிவரை கருமையாகிவிடும். பட்டை விளையாட்டை எளிதாக்கிக் கெடுத்துவிடும் என்று அவள் தயங்கினாள். நான் வற்புறுத்தினேன், இன்றும் அது சரி என்றே கருதுகிறேன். அடுத்த ஆட்டத்தில் அப்பா பட்டையின் வெளிச்சமான பகுதியைப் பார்த்துவிட்டு அதன் நடுவைச் சொல்லத் தொடங்கினார். பாதி பாதியாக வெட்டும் முறையை யாரும் அவருக்குச் சொல்லித்தரவில்லை.

மூன்றாம் ஆட்டத்தில் அவர் வேறொரு சோதனை வைத்தார். தமிழ் எண்களில் தட்டினால் ஏற்குமா? ௪௨ என்று தட்டினார். ஏற்றுக்கொண்டது. இதற்காக நாங்கள் எதுவும் செய்யவில்லை. பைத்தானின் ‘இண்ட்’ எந்த மொழியின் பதின்ம இலக்கத்தையும் எண்ணாகப் படிக்கும், ௪௨ அதற்கு 42-தான். பெட்டியில் எழுத்தோ வெற்றிடமோ வந்தால் பிழையைப் பிடித்து ‘ஓர் எண்ணைத் தாருங்கள்’ என்று சொல்லும் பகுதி மட்டுமே நாங்கள் எழுதியது. அதில் வாய்ப்பு குறையாது.

அப்பா விடவில்லை. “இது ஆங்கில முறையில் எழுதிய தமிழ் எண். நம் பழைய முறையில் நாற்பத்திரண்டு என்றால் ௪௰௨.” பத்துக்கும் நூறுக்கும் தமிழில் தனிக் குறிகள் உண்டு: ௰, ௱. மரபு முறையில் பூச்சியம் கிடையாது. எல்லா மொழி எழுத்துகளுக்கும் குறியெண் தரும் ஒருங்குறியிலேயே (யூனிகோட்) தமிழ்ப் பூச்சியம் மற்ற இலக்கங்களுக்குப் பல ஆண்டு கழித்து, 2005-இல்தான் சேர்ந்தது. ௪௰௨ என்று தட்டியதும் ‘ஓர் எண்ணைத் தாருங்கள்’ என்று வந்தது. ஒருங்குறியில் ௰ எண் மதிப்புள்ள குறிதான், ஆனால் பதின்ம இலக்கமாக வகைப்படுத்தப்படவில்லை. அதனால் ‘இண்ட்’ அதைத் தொடாது. ஓர் எண்ணைத் தந்தவரிடம் எண்ணைத் தா என்று கேட்பது மரியாதையாக இல்லை என்று என் அக்கா மகள் அன்றிரவே உட்கார்ந்து பன்னிரண்டு வரியில் ஒரு மாற்றி எழுதினாள். ௰-க்கு முன் இலக்கம் இருந்தால் பத்தால் பெருக்கு, இல்லையென்றால் பத்து, பின்னால் இருப்பதைக் கூட்டு, ௱ என்றால் நூறு. இந்த விளையாட்டில் அதற்குமேல் தேவையில்லை.

பெரியது என்ற சொல்

தமிழ் வாக்கியத்தால் புதிய தொல்லை ஒன்று வந்தது, எனக்கு மிகவும் வருத்தம் தந்ததும் அதுதான். அவளுடைய மடிக்கணினியில் ஓடுவது லினக்ஸ். ‘பெரியது’ என்ற சொல்லில் கொம்பு, பகரத்துக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நின்றது. ‘து’ இரண்டாக உடைந்து தெரிந்தது. எழுத்துருவை மாற்றிப் பார்த்தோம், பயனில்லை. என் விண்டோஸ் கணினியில் அதே நிரல் சரியாகக் காட்டியது.

குறை எழுத்துருவிலன்று. தமிழில் நினைவகத்தில் இருக்கும் வரிசை வேறு, கண்ணுக்குக் காட்ட வேண்டிய வரிசை வேறு. இரண்டுக்கும் இடையே எழுத்துகளை மாற்றியடுக்கும் வேலையை ஒருவர் செய்தாக வேண்டும். விண்டோஸில் இயங்குதளத்தின் அந்த வசதியை டிகே பயன்படுத்திக்கொள்கிறது. லினக்ஸில் எங்களிடம் இருந்த 8.6 பதிப்பு அப்படிச் செய்யவில்லை, எழுத்தைக் குறியெண் வரிசையிலேயே வரைந்துவிடுகிறது. கியூட், ஜிடிகே போன்ற வேறு சாளரத் தொகுப்புக்கு மாறியிருந்தால் இந்தச் சிக்கல் இருந்திருக்காது. ஆனால் அதற்காக அவள் எழுதியதையெல்லாம் களைந்துவிட்டுத் தொடங்கச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மாறாத சொற்றொடர்களை மட்டும் சரியான வடிவில் படங்களாகச் சேமித்து, எண்ணை நடுவில் தனியாக எழுதினோம்.

படம் வரவில்லை, வெறும் சாம்பல் கட்டம்தான் வந்தது. படத்தை ஏற்றிய செயற்கூறு முடிந்ததும், அதைப் பிடித்துக்கொண்டிருந்த மாறி மறைந்தது. யாரும் வைத்திருக்காத பொருள் என்று பைத்தான் அதைத் துடைத்துவிட்டது. படத்தை ஆட்டத்தின் சாளரத்தோடு இணைத்து வைத்ததும் அது மறையாமல் நிலைத்தது. முதல் நாள் மறைஎண்ணுக்கு நேர்ந்ததேதான் இதுவும். “செயற்கூறு முடிந்தால் உள்ளே இருந்ததும் போய்விடும், அதுதானே சித்தி?” என்று அவளே சொல்லிக்கொண்டு திருத்தினாள்.

விடுமுறை முடிய மூன்று நாள் இருக்கும்போது ஆட்டத்தைத் திருப்பிப் போட்டாள். மனிதர் எண்ணை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும், கணினி ஊகிக்கும். ‘பெரியது’, ‘சிறியது’, ‘அதுதான்’ என்று மூன்று பொத்தான்கள். நடு எண்ணைச் சொல்லும் ஆட்டக்காரர் ஏற்கெனவே சோதனைக்காக எழுதியதுதான், அதையே உள்ளே வைத்தாள். மடக்கு எழுதவில்லை, ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு சுற்று மட்டும் எழுதினாள். முதல் முயற்சியிலேயே ஓடியது.

அப்பா ஆடும்போது நடுவில் எண்ணை மாற்றிக்கொண்டார். கீழெல்லை மேலெல்லையைத் தாண்டியது, பட்டை முழுவதும் கருமையானது, கணினி இல்லாத எண்ணை ஊகிக்கப் பார்த்துப் பிழைச் செய்தியோடு நின்றது. அவள் ஒரு நிபந்தனையைச் சேர்த்தாள். அது இப்போது ‘உங்கள் பதில்கள் ஒன்றோடொன்று ஒத்துவரவில்லை, எங்கே மாறியது என்று பாருங்கள்’ என்கிறது, அதுவரை அவர் கொடுத்த பதில்களை வரிசையாகக் காட்டுகிறது. அந்த வாக்கியத்தையும் படமாகத்தான் சேமிக்க வேண்டியிருந்தது. அதில் எழுவாய் இருக்கிறதா என்று தாத்தாவிடம் காட்டிவிட்டே சேமித்தாள்.